குறி ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம்: ஏர் ரைஃபிள் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

"ஏனுங்க, போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் அடிச்சுட்டு இருந்தான். இப்பக் கண்டபடி போகுது. பேரல் தேஞ்சு போச்சுங்களா?" கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் பிள்ளைகளைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு அனுப்பும் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். மென்மையான ஈயப் பெல்லட்டால் (ஏர் ரைஃபிள் குண்டு) எஃகுப் பேரல் (குழல்) அவ்வளவு எளிதில் தேயாது. பெரும்பாலும் கோளாறு ஒரு ஸ்க்ரூவிலோ, பெல்லட் உட்காரும் விதத்திலோ, காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஒரு ஓ-ரிங்கிலோதான் இருக்கும். செலவில்லாததை முதலில் பாருங்கள். பேரல், ரெகுலேட்டர் (காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் பாகம்) என்ற பேச்செல்லாம் கடைசியில்.

இங்கே சொல்வது 10 மீட்டர் போட்டிக்கான 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளுக்கு. சிலிண்டர் காற்றில் சுடும் மேட்ச் ரைஃபிளும், பேரலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரைஃபிளும் இதில் அடங்கும். உரிமம் வேண்டிய துப்பாக்கிக்கோ தோட்டாவுக்கோ இதில் எதுவும் பொருந்தாது. அவற்றின் சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) வீட்டில் வைத்து நோண்டவே கூடாது.

சுட்டுப் பார்ப்பதைத் தவிர எந்தச் சோதனைக்கும் முன்: பெல்லட் உள்ளே இல்லை என்று கண்ணால் பாருங்கள், சிலிண்டரைக் கழற்றுங்கள், மிச்சக் காற்றுக்கு ரேஞ்சில் இலக்கை நோக்கி ஒருமுறை ட்ரிகரை அழுத்துங்கள். ஸ்பிரிங் ரைஃபிளை வெறுமனே சுடாதீர்கள், பிஸ்டன் அடிபடும். அதில் பெல்லட் வைக்கும்போது மற்றொரு கை பேரலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். ட்ரிகர் நழுவினால் பேரல் மேலே பாய்ந்து விரலை நசுக்கிவிடும்.

## குரூப் விரிந்துவிட்டது

குரூப் என்பது இலக்கில் சுட்டுகள் சேர்ந்து விழும் கூட்டம். முதலில், அதை விரித்தது துப்பாக்கியா ஆளா என்று தெரிய வேண்டும். மேஜையில் மணல் மூட்டை வைத்து, ஸ்டாக்கை (தோளில் சாயும் கட்டை) அதன்மேல் சாய்த்து, பத்து பெல்லட் சுடுங்கள். பெல்லட்டின் அகலமே 4.5 மி.மீ. நல்ல மேட்ச் ரைஃபிள் இப்படிச் சுடும்போது பத்தும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டைக்குள் போகும். ஓட்டை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஆறு, ஏழு மி.மீ. என்றால் துப்பாக்கியில் குறையில்லை. நிற்பது, மூச்சு, ட்ரிகர் இவற்றைக் கோச்சிடம் பேசிக்கொள்ளுங்கள். மணல் மூட்டையிலும் பத்து, பன்னிரண்டு மி.மீ. விரிந்தால் கீழே போங்கள்.

ஸ்க்ரூக்கள். ஸ்டாக்கையும் ஆக்ஷனையும் (பேரலும் ட்ரிகரும் பொருந்திய உலோகப் பகுதி) பிணைக்கும் ஸ்க்ரூவை ஆலன் கீயால் தொட்டுப் பாருங்கள். கால் சுற்று சுலபமாகச் சுற்றினால் அதுவே காரணமாக இருக்கலாம். கையேட்டில் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். "இறுக்கமா இருந்தா நல்லதுதானே" என்று முழு பலத்தையும் போட்டால் அலுமினியத்தில் மரை போய்விடும். ஸ்பிரிங் ரைஃபிளில் ஒவ்வொரு சுட்டுக்கும் அதிர்வு அதிகம், அதனால் இந்தச் சோதனையை வாரம் ஒருமுறை செய்ய வேண்டும். அதில் பேரல் மடங்கும் இடத்தில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேரலைப் பாதி திறந்து, இடதும் வலதுமாக மெதுவாக அசைத்தால் 'டக்' என்று கையில் தெரியும். பேரல் மடங்கும் அந்த அச்சு போல்ட்டையும் இறுக்கலாம்.

பெல்லட் அடிபட்டிருக்கிறதா. பெல்லட் டப்பாவை வண்டி டிக்கியில் போட்டு அவினாசியிலிருந்து கோவை வரை குலுக்கிக்கொண்டு போனால் உள்ளே ஒன்றோடொன்று மோதி ஸ்கர்ட் நெளியும். ஸ்கர்ட் என்பது பின்பக்கக் குழிந்த பாவாடைப் பகுதி, ஈயம் அங்கேதான் மிக மெல்லிசு. கண்ணாடிப் பலகையை லேசாகச் சாய்த்து ஒவ்வொரு பெல்லட்டாக உருட்டிவிடுங்கள். நல்லது ஒரே சீராக வளைந்து உருளும், நெளிந்தது தத்தித் தத்திப் போகும். டப்பாவில் வெற்றிடம் இருந்தால் ஸ்பாஞ்ச் வட்டம் வைத்து மூடுங்கள், குலுங்காது.

பெல்லட் உட்காரும் ஆழம். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது. பலரும் பார்க்காமல் விடுவதும் இதுதான்.

மேட்ச் ரைஃபிளில் லோடிங் தட்டில் பெல்லட்டை வைத்து லீவரை மூடும்போது, போல்ட் என்ற உள்ளே நகரும் தண்டின் மூக்கு அதைத் தள்ளிக்கொண்டு போய், காற்று வரும் துளையைத் தாண்டி, பேரலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய வரிகள் தொடங்கும் இடத்தில் நிறுத்துகிறது. ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே நேர்நிலை. தட்டில் பெல்லட் சாய்ந்திருக்கும்போதே அவசரமாக மூடினால் தலை ஒரு பக்கம் உரசி, ஸ்கர்ட் ஓரம் மடங்கிக்கொள்ளும். மூடும்போது விரலுக்கு ஒரு சிறு தடுக்கல் தெரியும். அது தெரிந்தால் தள்ளாதீர்கள். திறந்து, பெல்லட்டை நேராக்கிவிட்டு மூடுங்கள்.

சோதனை இப்படி. சிலிண்டரைக் கழற்றிய ரைஃபிளில் ஒரு பெல்லட்டை ஏற்றி மூடி, மறுபடி திறவுங்கள். நைலான் உறை போட்ட கம்பியைப் பேரல் முனையிலிருந்து, முனையின் ஓரத்தில் உரசாமல் மெதுவாக விட்டு, பெல்லட்டைப் பின்னால் தள்ளி எடுங்கள். ஐந்து பெல்லட்டுக்கு இதையே செய்து பூதக்கண்ணாடியில் பாருங்கள். தலையைச் சுற்றி வரித் தடங்கள் எல்லாப் பக்கமும் ஒரே ஆழத்தில் விழுந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் வெறுமையாகவும் இருந்தால் பெல்லட் கோணலாக நுழைகிறது. ஐந்திலும் ஒரே பக்கம் என்றால் தட்டிலோ போல்ட் மூக்கிலோ கோளாறு. ஒன்றுக்கொன்று மாறினால் ஏற்றும் கையில்தான் கோளாறு. தட்டில் ஈயத்தூள் ஒட்டியிருந்தாலும் பெல்லட் தூக்கிக்கொண்டு கோணலாகும். மரக்குச்சியால் சுரண்டி எடுத்துவிடுங்கள், ஊசி வேண்டாம்.

ஸ்பிரிங் ரைஃபிளில் உட்கார வைப்பது உங்கள் கட்டைவிரல். ஸ்கர்ட் ஓரம் பேரலின் பின்முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். தலைமுடி அளவு வெளியே நீட்டினாலும் பேரலை மூடும்போது சீல் அதை மடக்கிவிடும். சிலர் மூடிய பால்பாயிண்ட் பேனா முனையால் இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்துவார்கள். சில ரைஃபிளுக்கு அது ஒத்துப்போகும், சிலவற்றில் வேகம் குறையும். இரண்டு விதமாகவும் பத்துப் பத்து சுட்டுப் பார்த்து, எதில் குரூப் சிறியதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ஆழமா, மேலாகவா என்பதைவிட எல்லாப் பெல்லட்டும் ஒரே ஆழத்தில் இருப்பதுதான் முக்கியம்.

தலை அளவு. மேட்ச் பெல்லட்டுகள் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று தலை அளவு வாரியாக வருகின்றன. ஒவ்வொரு பேரலுக்கும் ஒன்று பிடிக்கும், ஒன்று பிடிக்காது. தளர்வாகத் தானே வழுக்கி உள்ளே போனால் ஓர் அளவு பெரிதும், கட்டாயப்படுத்தித் தள்ள வேண்டியிருந்தால் ஓர் அளவு சிறிதும் வாங்கிப் பாருங்கள். ஒரே பிராண்டில் வேறு தயாரிப்புத் தொகுதி வந்தாலும் குரூப் மாறும். அதனால் போட்டிக்கு முந்தின வாரம் புது டப்பா பிரிக்க வேண்டாம்.

அழுக்கு. ஃபெல்ட் பெல்லட்டை (பேரலைத் துடைக்கும் கம்பளிக் குண்டு) மூன்று நான்கு தடவை விட்டுத் துடையுங்கள், வெள்ளையாக வரும்வரை. உலோகப் பிரஷ் வேண்டாம். நம் பக்கத்துப் பட்டறைகளில் எதற்கும் கைக்கு வருவது திருப்பூர் பனியன் வேஸ்ட். பேரலுக்குள் அதை விடாதீர்கள். பின்னல் துணியில் இருந்து நூல் பிரிந்து காற்றுத் துளையில் சிக்கும். அப்புறம் அதை எடுக்க ரைஃபிளையே பிரிக்க வேண்டிவரும். துடைத்த பிறகு முதல் பத்து, இருபது சுட்டு கொஞ்சம் அலையும், அது சகஜம்.

பேரல் முனை. காது குடையும் பஞ்சுக் குச்சியை முனையின் உள் ஓரத்தில் மெதுவாகச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் பஞ்சு இழை மாட்டினால் அங்கே பிசிறோ அடியோ இருக்கிறது. முனைக்கு முன்னால் காற்றுப் பிரிப்பான் (பெல்லட்டோடு வரும் காற்றைப் பக்கவாட்டில் விலக்கும் பாகம்) இருக்கும் ரைஃபிளில், அதன் துளையைச் சுற்றிப் படியும் சாம்பல் நிற ஈயக்கறையைப் பாருங்கள். எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று ஈயக்கோடு விழுந்திருந்தால் பெல்லட் போகும் வழியில் அதை உரசுகிறது. ரைஃபிள் மேஜையில் இடித்திருக்கும். பிரிப்பானைக் கழற்றிவிட்டுச் சுட்டுப் பாருங்கள், குரூப் சுருங்கினால் விடை கிடைத்துவிட்டது.

பேரல் முனையில் அடி பட்டிருந்தால் அதோடு நிறுத்துங்கள். கணபதியிலும் பீளமேட்டிலும் அருமையான லேத் ஆட்கள் இருக்கிறார்கள், பம்ப் ஷாஃப்டைக் கண்ணை மூடிக்கொண்டு கடைவார்கள். ஆனால் பேரல் முனையை அதன் உள் துளையை மையமாக வைத்துக் கடைய வேண்டும், வெளி வட்டத்தை வைத்து அல்ல. இரண்டும் ஒரே மையத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இது ரைஃபிள் வேலை தெரிந்த ஆர்மரர் செய்ய வேண்டியது.

## குரூப் நெருக்கம்தான், ஆனால் இடம் மாறிவிட்டது

இது நல்ல செய்தி. பேரல், பெல்லட், அதைத் தள்ளும் காற்று மூன்றும் சரியாக இருக்கின்றன என்று பொருள்.

சைட்டை (குறி பார்க்கும் பாகம்) பிடித்து மெதுவாக அசையுங்கள், முன்னது பின்னது இரண்டையும். சைட் மாட்டும் தண்டவாளத்தில் ஆட்டம் இருந்தால் ஸ்க்ரூவை இறுக்கி, நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை நகர்ந்தால் பார்த்த உடனே தெரியும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற இறுதிச் சுற்றுக்கு முன், அவருடைய சோதனைச் சுட்டு 4ஆம் வளையத்துக்குப் போனது. சைட் மாறியிருந்தது. உடனே சைட்டைத் திருகும் கிளிக்குகளைத் திருத்திக்கொண்டு போட்டிக்கு நின்றார். சோதனைச் சுட்டை ஒப்புக்குச் சுடக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

சைட் உறுதியாக இருந்தால் கன்னம் படும் பலகையையும் தோள் தகட்டையும் பாருங்கள். பெட்டியில் வைப்பதற்காக இறக்கி, திரும்ப ஏற்றும்போது ஒரு கோடு மாறினாலும் கண் டயாப்டரின் (பின் சைட்டின் சிறு துளை) மையத்தில் விழாது. வளரும் பிள்ளைகளுக்கு இது ஓயாமல் நடக்கும்.

பக்கவாட்டில் மட்டும் நகர்ந்தால், அதுவும் ஆனி ஆடியில் என்றால், காற்றை நினையுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை வீசும். காற்றாலைகளை அங்கே நட்டதே அதற்காகத்தான். பக்கம் திறந்த ஷெட் ரேஞ்சாக இருந்தால், பெல்லட் 10 மீட்டரைக் கடக்கும் சுமார் 0.06 நொடிக்குள்ளேயே பலத்த பக்கக்காற்று அதைச் சில மில்லிமீட்டர் தள்ளிவிடும். ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 2.5 மி.மீ.தான் தூரம் என்பதை நினைத்தால் அது எவ்வளவு என்று புரியும். ஒரு தார்ப்பாய் கட்டினால் தீரும். சைட்டைத் தொட வேண்டாம்.

## மேலும் கீழுமாக நீண்டு விழுகிறது

இதைப் பார்த்தவுடன் "ரெகுலேட்டர் போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். மேட்ச் ரைஃபிளில் பெல்லட்டின் வேகம் நொடிக்கு 170 முதல் 175 மீட்டர் வரை. அதில் 5 மீட்டர் குறைந்தால் 10 மீட்டர் தூரத்தில் பெல்லட் ஏறக்குறைய 1 மி.மீ.தான் கீழே இறங்கும். நீளம் பத்து மி.மீ. இருந்தால் வேகம் மட்டும் அதற்குக் காரணமாக முடியாது. மூச்சு, தோள் தகடு வழுக்குவது, ஸ்டாக் ஸ்க்ரூ இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் ரைஃபிளில் முன்கை பிடிக்கும் இடம் இரண்டு விரல்கடை மாறினாலே இப்படி நீளும். பிடிக்கும் இடத்தில் டேப் ஒட்டி, எப்போதும் அங்கேயே, இறுக்காமல் பிடியுங்கள்.

அதெல்லாம் சரியாக இருந்தும் நீள்கிறதென்றால், சிலிண்டர் மானி (அழுத்தம் காட்டும் கருவி) பச்சைப் பகுதிக்குக் கீழே போயிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டிஷ்யூ சோதனை: மெல்லிய டிஷ்யூ காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து, மூடிய லோடிங் பகுதியின்மேல் வைத்துச் சுடுங்கள். காகிதம் துள்ளினால் போல்ட் மூக்கின் ஓ-ரிங்கோ, ஸ்பிரிங் ரைஃபிள் என்றால் பேரல் சீலோ காற்றை விடுகிறது. இதை நீங்களே மாற்றலாம். உற்பத்தியாளர் தரும் ஓ-ரிங், மேலே ஒரு துளி சிலிக்கான் கிரீஸ். வேலை அவ்வளவுதான்.

ரெகுலேட்டர் கோளாறுக்குத் தனி அடையாளம் உண்டு. பத்து நிமிடம் சும்மா வைத்துவிட்டுச் சுட்டால் முதல் பெல்லட் மட்டும் வழக்கமான இடத்துக்கு வெளியே விழும், அடுத்தடுத்தவை சரியாகப் போகும். குரோனோகிராஃப் (வேகம் அளக்கும் கருவி) இருந்தால் வேகத்திலும் இது தெரியும். மறுபடி மறுபடி இதே கதை என்றால் ஆர்மரர்தான்.

## ராத்திரியில் மானி இறங்குகிறது

காற்று அடைத்தவுடன் 200 பார் காட்டும், ஒரு மணி நேரம் கழித்து 190 காட்டும். இது கசிவு இல்லை. அடைக்கும்போது காற்று சூடாகிறது, ஆறினால் அழுத்தம் இறங்குகிறது. 40 டிகிரியில் 200 பார் இருப்பது 25 டிகிரிக்கு வந்தால் கணக்குப்படியே 190தான். இதனால்தான் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி அடைக்கச் சொல்கிறோம். இதையே திருப்பிப் பார்த்தால், சித்திரை வெயிலில் கரூரில் நிறுத்திய காருக்குள் நிரம்பிய சிலிண்டரை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

ஆறிய பிறகு மானி காட்டும் இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்து, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். இறங்கியிருந்தால் சிலிண்டரைக் கழற்றி ஓர் இரவு தனியாக வையுங்கள். தனியாக இருந்தும் இறங்கினால் கசிவு சிலிண்டரில். ரைஃபிளில் மாட்டினால் மட்டும் இறங்கினால் இணைப்பு ஓ-ரிங்கிலோ அதற்கு உள்ளேயோ. சிலிண்டர் வாயில் சோப்பு நுரை தடவினால் குமிழ் வரும் இடம் தெரியும்.

இணைப்பு ஓ-ரிங்கை மாற்றுவது வரை உங்கள் வேலை. கோவை பேரிங் கடைகளில் அதே சைஸ் ஓ-ரிங் கிடைக்கும், ஆனால் சைஸ் ஒன்றாக இருந்தாலும் ரப்பரின் கடினம் வேறாக இருக்கும். 200 பார் தாங்க வேண்டிய இடத்துக்கு அந்த ரைஃபிள் மாடலுக்கென்று சொன்ன உதிரியையே போடுங்கள். சிலிண்டர் வால்வைத் திறப்பது, மானியைப் பிரிப்பது இரண்டையும் எந்தக் காரணத்துக்கும் செய்யாதீர்கள்.

பட்டறை ஊர் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ரைஃபிள் சிலிண்டருக்கு அடைக்கலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. அழுத்தமான ஆக்சிஜனும் துளி எண்ணெயும் கிரீஸும் சேர்ந்தால் வெடிக்கும், உயிர் போகும். உலர்ந்த காற்று மட்டும்: ஸ்கூபா சிலிண்டர், அல்லது இதற்கென்றே உள்ள கைப்பம்ப், கம்ப்ரஸர். சாதாரண எண்ணெயைக் காற்றுப் பாதையில் எங்கும் விடாதீர்கள்.

சிலிண்டரின்மேல் தயாரித்த தேதி பொறித்திருக்கும். பல ஜெர்மன் மேட்ச் ரைஃபிள் சிலிண்டர்களுக்கு ஆயுள் 10 ஆண்டு. செகண்ட் ஹாண்ட் ரைஃபிள் வாங்கும்போது முதலில் அதைப் படியுங்கள். காலாவதியானது கசியாவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான்.

## ஸ்பிரிங் ரைஃபிளில் வெடிச் சத்தம், புகை

எண்ணெய் உள்ளே போயிருக்கிறது. அமுக்கும் காற்றின் சூட்டில் அது பற்றிக்கொள்கிறது. தையல் மிஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட்டிருப்பார்கள். புது ரைஃபிளில் முதல் டப்பா தீரும்வரை லேசாகப் புகை வந்தால் கவலை வேண்டாம், தொழிற்சாலை எண்ணெய் எரிந்துபோகும். பழையதில் திடீரென்று சத்தம் வந்தால் சுடுவதை நிறுத்துங்கள். பிஸ்டன் சீலும் ஸ்பிரிங்கும் அடிவாங்கும். பிரித்துத் துடைக்க வேண்டும், ஆனால் அந்த ஸ்பிரிங் அமுக்கப்பட்ட நிலையில் இருப்பதால் அதற்கான கவ்வி இல்லாமல் திறந்தால் பாய்ந்து வரும். ஆர்மரரிடம் கொடுங்கள்.

சத்தமே குறைந்து, பெல்லட் காகிதத்தைக் கிழிக்காமல் குத்தி நின்றால் சீலோ ஸ்பிரிங்கோ தளர்ந்துவிட்டது. டிஷ்யூ சோதனையில் பேரல் சீல் நன்றாக இருந்தால் இதுவும் ஆர்மரர் வேலைதான்.

## ட்ரிகர் தானே விழுகிறது

இதற்கு வீட்டில் செய்யும் சோதனை எதுவும் இல்லை. லீவரை மூடும்போதோ, ரைஃபிளைத் தட்டும்போதோ ஒரே ஒருமுறை தானே சுட்டாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. ட்ரிகர் ஸ்க்ரூவை நீங்கள் திருகிய பிறகுதான் இப்படி ஆனதென்றால், எந்த ஸ்க்ரூ, எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். திரும்ப எதிர்ப்பக்கம் திருகிச் "சரியாகிவிட்டது" என்று பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

## ஆர்மரரிடம் போகும்போது

ரைஃபிளை மட்டும் கொண்டுபோனால் பாதி வேலை அவருக்கு. மணல் மூட்டையில் சுட்ட இலக்குக் காகிதங்களை, தேதி போட்டு, எந்தப் பெல்லட் என்று எழுதி எடுத்துப் போங்கள். பேரலிலிருந்து தள்ளி எடுத்த அந்த ஐந்து பெல்லட்டையும் ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கொண்டுபோனால், நல்ல ஆர்மரர் முதலில் அதைத்தான் கையில் எடுப்பார். நீங்கள் சுடும் டப்பாவும் கூடவே இருக்கட்டும், வேறு பெல்லட்டால் சோதித்தால் விடையும் வேறாக வரும். சிலிண்டரைக் கழற்றித் தனியாக வையுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் டீ குடியுங்கள், பிள்ளைகளையும் கழுவச் சொல்லுங்கள்.